வன்னியிலிருந்து காஃப்காவை வாசிக்கையில் பின்நவீனத்துவம் எங்கே பொருந்துகிறது?

பாலைநிழல் (கிளிநொச்சி):

வணக்கம். எங்கள் வாசிகசாலையில் மாதமொருமுறை ஏழெட்டுப் பேர் கூடி ஒரு நூலைப் பற்றிப் பேசுவது வழக்கம். சென்ற மாதம் பிராக் நகரத்து எழுத்தாளர் காஃப்காவின் 'விசாரணை' நாவலை எடுத்துக்கொண்டோம். குற்றம் என்னவென்றே சொல்லப்படாமல் கைதாகும் ஒருவனின் கதை அது. ஆசிரியர் இறந்து ஓராண்டின் பின், 1925இல், நண்பர் மக்ஸ் புரோட் வெளியிட்ட முற்றுப்பெறாத நாவல் அது. வளாகத்தில் படிக்கும் தம்பியொருவர் அதைப் பின்நவீனத்துவ நோக்கில் ஆராய்ந்து கட்டுரை வாசித்தார். பெருங்கதையாடல்களின் மீதான, அதாவது முன்னேற்றம், விடுதலை என்று வரலாறு முழுவதற்கும் பொருள் சொல்லும் பெரிய கதைகளின் மீதான அவநம்பிக்கையே பின்நவீனம் என்று பிரெஞ்சு மெய்யியலாளர் லியோத்தார் 1979இல் கூறியதை எடுத்துக்காட்டி, போர் முடிந்த 2009இற்குப் பின் எங்கள் சமூகத்திலும் பெருங்கதையாடல்கள் தகர்ந்துவிட்டமையால் நாமும் அந்நிலைமையிலேயே வாழ்கிறோம் என்று முடித்தார்.

பின்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், மகனைப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தேடிக்கொண்டிருப்பவர், மெல்லச் சொன்னார்: "நாங்கள் ஒண்டையும் நம்பாமல் விடேல்லைத் தம்பி. எங்களைத்தான் ஒருத்தரும் நம்புறேல்லை." அதற்குப் பிறகு எவருக்கும் பேச்சு வரவில்லை. கோட்பாடு பிழையா, அதைப் பொருத்திய விதம் பிழையா என்பதே என் கேள்வி.

கனகராயன் (மாங்குளம்):

பொருத்திய விதந்தான் பிழை என்பது என் கருத்து. லியோத்தாரின் அந்த நூல் கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பல்கலைக்கழகங்களின் மன்றம் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதப்பட்ட அறிக்கை. மிக வளர்ச்சியடைந்த சமூகங்களில் அறிவின் நிலைமையே தம் ஆய்வுப்பொருள் என்று அவர் முகவுரையிலேயே எல்லை வகுத்துவிடுகிறார். கணினிமயமாகும் அறிவைப் பற்றிய ஒரு வாக்கியத்தை உருவி எடுத்து, இறுதிப்போர் நடந்த நிலத்தின் மீது விரிப்பது நியாயமாகாது.

எங்களுக்கு நெருக்கமானது அவர் 1983இல் எழுதிய இன்னொரு நூல். பிணக்கு என்று தமிழில் சொல்லக்கூடிய ஒரு நிலையை அதில் ஆராய்கிறார். ஒருவருக்குத் தீங்கு நேர்ந்திருக்கிறது. ஆனால் வழக்கைக் கேட்கும் மன்றத்தின் மொழியில் அந்தத் தீங்கைச் சொல்ல இடமில்லை. சொல்ல முடியாமற்போவதே அவருக்கு நேர்ந்த இரண்டாவது தீங்காகிவிடுகிறது.

அயலவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்துப் படிவத்தில் 'இறந்த திகதி' என்றொரு கட்டம் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு, "மிச்சத்தை எழுதுங்கோ" என்றார். அந்தக் கட்டத்தை நிரப்பினால் மகன் இறந்ததை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். வெறுமையாக விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். 2010ஆம் ஆண்டுச் சட்டம் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்திருந்தது. அவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமலே, காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த அக்காவின் நிலைக்கு அரசின் மொழியில் ஒரு பெயர்கூட இருக்கவில்லை.

முதிரை (வவுனியா):

கனகராயன் அண்ணாவோடு பாதிதான் உடன்படுகிறேன். தொண்ணூறுகளில் தமிழகத்துச் சிற்றிதழ்களின் வழியாக இக்கோட்பாடுகள் எங்களை வந்தடைந்தபோது, அவற்றோடு ஒரு சோம்பலும் வந்து சேர்ந்தது. உண்மை என்று ஒன்றில்லை, கதையாடல்களே உண்டு என்று சொல்லப் பழகிவிட்டோம். அப்படியானால் 'ஒன்றும் நடக்கவில்லை' என்பவரின் பேச்சும் சமமான ஒரு கதையாடல்தானே? இங்கே கொல்லப்பட்டவர்களின் தொகையே இன்றும் விவாதப்பொருளாக இருக்கையில், எங்களுக்கு வேண்டியது ஐயவாதமன்று; பெயரும் திகதியும் இடமும் கொண்ட பதிவு.

கனகராயன் (மாங்குளம்):

தங்கை, அந்த அச்சத்தைத்தான் லியோத்தார் பிணக்கு பற்றிய அந்த 1983ஆம் ஆண்டு நூலின் தொடக்கத்திலேயே எதிர்கொள்கிறார். நாசிகளின் நச்சுவாயு அறைகளை மறுத்த ஒருவரின் வாதம் முதற்பக்கங்களில் வருகிறது. அறை கொலைக்குப் பயன்பட்டதை உள்ளே இறந்தவரே சாட்சி சொல்ல வேண்டும். இறந்தவரோ சாட்சி சொல்ல முடியாது. ஆகவே அறையே இல்லை என்பது அந்த வாதம். அதை இன்னொரு கதையாடல் என்று அவர் விட்டுவைக்கவில்லை. சாட்சியின் மௌனத்தை இன்மைக்குச் சான்றாக்கும் தந்திரத்தைப் பிரித்துக் காட்டுகிறார். பதிவு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பதிவேட்டின் கட்டங்களை யார் கீறுகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்போம் என்கிறேன், அவ்வளவே.

வீரையடி (புதுக்குடியிருப்பு):

இலக்கியம் ஒதுங்கிப்போகிறதே என்று எழுதுகிறேன். ஒருவரின் துயரத்துக்கு அதிகாரத்தின் மொழியில் இடமில்லாமற்போவதைக் கோட்பாடு வருமுன்னரே நவீனத்துவ நாவல் காட்டியிருக்கிறது. 1925இலேயே வந்த வேர்ஜினியா வூல்ஃபின் 'மிஸஸ் டாலோவே'யில் முதலாம் உலகப்போரிலிருந்து மீண்ட செப்ரிமஸ், இறந்த தோழனைக் காண்கிறான். மருத்துவர் பிராட்ஷாவோ அவனிடம் குறைந்திருப்பது 'அளவொழுங்கு', அதாவது எதையும் அளவோடு காணும் தன்மை என்கிறார். மருத்துவ அறிவும் அதிகாரமும் பின்னிக்கிடப்பதைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ ஆராய முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. காஃப்காவும் பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். துண்டிக்கப்பட்ட விரல் ஒரு கோப்பில் என்னவாக மாறும் என்பதை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கண்டவர். வளாகத்துத் தம்பி நாவலிலிருந்து கோட்பாட்டுக்கு நடந்திருந்தால் அந்த அம்மாவின் பேச்சு அவருக்குத் தடையாக இருந்திராது.

பாலைநிழல் (கிளிநொச்சி):

எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்த அம்மாவிடம் நாவலில் வரும் வாயிற்காவலன் கதையை மட்டும் வாசித்துக் காட்டினேன். நாட்டுப்புறத்தான் ஒருவன் சட்டத்தின் வாசலுக்கு வருகிறான். காவலன் உள்ளே விடவில்லை. கொடுத்த முக்காலியில் ஆண்டாண்டாக அமர்ந்திருந்து அங்கேயே சாகிறான். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர் அந்த அம்மா. முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த மனுசன் ஏன் தனிய இருந்தவர்?" என்று கேட்டார்.

அடுத்த மாதமும் காஃப்காதான். வளாகத்துத் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன்.