தண்ணீர் டிரெயிலர் இழுக்கும்போது ஓவர்டிரைவ் வேண்டுமா, வேண்டாமா?

ஒட்டுசுட்டான்_வயல்:
கிணறுகள் வற்றிவிட்டன. ஒட்டுசுட்டானில் நிரப்பி மாங்குளம் பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டு போகிறேன். டீசல் டபுள் கெப், நான்கு கியர் ஒட்டோமட்டிக். பின்னால் டிரெயிலர், அதன்மேல் 1,000 லீற்றர் தாங்கி. சோளகக் காற்று நேரே முகத்தில் அடிக்கிறது. 60 கிலோமீற்றர் வேகத்தில் நான்காவது கியருக்குப் போகிறது, சிறு ஏற்றம் வந்தால் மூன்றுக்கு இறங்குகிறது, அடுத்த நொடியே மறுபடி ஏறுகிறது. வழி முழுவதும் இதே ஆட்டம். ஓவர்டிரைவை, அதாவது எஞ்சின் சுற்றைக் குறைத்து ஓடும் அந்த நான்காவது கியரை, பொத்தானை அமர்த்தி நிறுத்தி ஓட்டுவதா, அப்படியே விடுவதா?

கனகராயன்_ஆறு:
அப்படியே விடுங்கள். டீசல் எஞ்சினுக்குத் தாழ்ந்த சுற்றிலேயே இழுவை உண்டு. அதற்காகத்தானே டீசல் வாங்குகிறோம்? ஓவர்டிரைவை நிறுத்தினால் சுற்று ஏறும், இரைச்சல் ஏறும், டீசல் செலவும் ஏறும். நான் ஏ9 வீதியில் நெல் மூட்டைகளுடன் வவுனியா வரை போகிறேன், அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. எந்தக் கியர் வேண்டும் என்பதை வண்டியின் கணினி நம்மைவிட நன்றாக அறியும்.

பரந்தன்_பட்டறை:
அண்ணை, பின்னால் டிரெயிலர் இருப்பது அந்தக் கணினிக்குத் தெரியாது. அது பார்ப்பது மிதியை எவ்வளவு அழுத்துகிறீர்கள், வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பதையே. மிதியைச் சற்றுத் தளர்த்தினால் மேல் கியர், அழுத்தினால் கீழ் கியர். ஒரு தொன்னுக்கு மேல் பின்னால் தொங்கும்போது இந்தக் கணக்கு பிழைத்துப்போகிறது.

டீசல் இழுவை பற்றிச் சொன்னீர்கள். பழைய 3.0 லீற்றர் டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் உச்ச முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், 343 நியூட்டன் மீற்றர், நிமிடத்துக்கு 1,400 முதல் 3,400 சுற்று வரை கிடைக்கிறது. நான்கு கியர் பெட்டியில் மூன்றாவது நேர்கியர், ஒன்றுக்கு ஒன்று: எஞ்சின் ஒருமுறை சுற்றினால் பெட்டியிலிருந்து வெளியே போகும் தண்டும் ஒருமுறை சுற்றும். நான்காவதுதான் ஓவர்டிரைவ், விகிதம் 0.7 முதல் 0.75 வரை. மூன்றில் 1,600 சுற்றில் போகும் வண்டி நான்கில் 1,200 சுற்றுக்கு இறங்கிவிடும். அதாவது இழுவை நிறைந்த பகுதிக்குக் கீழே போய்விடுகிறது. அதே வேகத்தில் அதே சுமையை இழுக்க, நான்காவது கியரில் எஞ்சின் மூன்றிலொரு பங்கு கூடுதல் முறுக்குவிசை கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாதபோதுதான் கியர் கீழே விழுகிறது.

கனகராயன்_ஆறு:
விழட்டுமே தம்பி. கியர் மாறுவதற்குத்தானே பெட்டி இருக்கிறது?

பரந்தன்_பட்டறை:
மாறுவது தவறில்லை. ஓயாமல் மாறுவதுதான் கொல்கிறது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையில் டோர்க் கொன்வெர்ட்டர் இருக்கிறது, உள்ளே எண்ணெய் வழியாகச் சக்தி போகிறது. சீரான ஓட்டத்தில் லொக்-அப் கிளச் பிடித்து இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடும்; அப்போது வழுக்கல் இல்லை, சூடும் குறைவு. கியர் இறங்கி ஏறும்போது அந்தப் பிடி விடுபடுகிறது. பிடி விட்ட நேரமெல்லாம் எண்ணெய் கடையப்பட்டுச் சூடாகிறது. ஒட்டோமட்டிக் பெட்டிகள் பழுதாவதற்கு முதற்காரணம் இந்தச் சூடுதான். எண்ணெய் 80, 90 பாகையில் இருந்தால் கவலை இல்லை. 120ஐத் தாண்டினால் அது விரைவாகக் கெடத் தொடங்கும்.

ஒட்டுசுட்டான்_வயல் தம்பி, லொக்-அப் கிளச் பிடித்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். நேரான வெறும் வீதியில், பின்னால் வாகனம் இல்லாதபோது, மிதியை அசைக்காமல் சீராகப் போங்கள். இடது காலால் பிரேக்கை மிக மெதுவாக, விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். சுற்றுமானி சிறிது மேலே எழுந்தால் கிளச் பிடித்திருந்தது, இப்போது விட்டது என்று பொருள். இதை மூன்றாவது கியரில் ஒருமுறை, நான்காவதில் ஒருமுறை செய்து பாருங்கள்.

முல்லைக்_கரை:
நான் படகு இழுப்பவன். என் வண்டி ஆறு கியர், ஓவர்டிரைவ் பொத்தானே இல்லை. நான் என்ன செய்வது?

பரந்தன்_பட்டறை:
2015க்குப் பிறகு வந்த ஆறு கியர் ஹைலக்ஸ் என்றால் நான்காவதுதான் நேர்கியர். ஐந்து 0.687, ஆறு 0.580, இரண்டுமே ஓவர்டிரைவ். நெம்புகோலை எஸ் பக்கம் தள்ளி நான்கில் வைத்தால் அதற்கு மேல் போகாது. படகும் எஞ்சினும் மட்டும் என்றால் ஐந்துகூடப் போதும், ஆட்டம் இல்லாதவரை.

கனகராயன்_ஆறு:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. டீசல் செலவு? இன்றைய விலையில் சுற்று ஏறினால் காசு போகும். எனக்கு அது சின்ன விடயம் இல்லை.

பரந்தன்_பட்டறை:
வெறும் வண்டிக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, மூன்றில் வைத்து ஓட்டினால் டீசல் வீண். சுமையோடு நிலைமை வேறு. கியர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் வண்டி நான்காவதின் சிக்கனத்தைத் தருவதே இல்லை; வழுக்கலில் போகும் சக்தியும் உங்கள் டீசல் தாங்கியிலிருந்துதான் போகிறது. உங்கள் வண்டி நெல்லோடு நான்கில் நிலைத்து நிற்கிறதா? நின்றால் விடுங்கள், நான் எதிர்க்கவில்லை. ஒட்டுசுட்டான் தம்பியின் வண்டி நிற்கவில்லை.

முல்லைக்_கரை:
மாடுகளையும் யோசியுங்கள். மாலையில் மாங்குளம் வீதியில் நடுவில் படுத்திருக்கும். இங்கே ஓடும் டிரெயிலர்கள் பலவற்றில் பிரேக் கிடையாது. மூன்றில் இருந்தால் மிதியை விட்டவுடன் எஞ்சினே பிடிக்கும். அதுவும் தண்ணீர் என்றால் தாங்கியை நிரப்பிக்கொண்டு போங்கள். அரைத் தாங்கித் தண்ணீர் முன்னும் பின்னும் அடித்து வண்டியைத் தள்ளும்.

கனகராயன்_ஆறு:
மாட்டுக்கு நிற்க வேண்டியது கால் பிரேக்கில். எஞ்சின் பிடிக்கும் என்று நம்பி வேகமாகப் போகாதீர்கள், தம்பிமார். தாங்கியை நிரப்பச் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒட்டுசுட்டான்_வயல்:
காலையில் முதல் சில நிமிடங்கள் நான்காவது கியரே விழுவதில்லை. பெட்டி கெட்டுவிட்டதா?

பரந்தன்_பட்டறை:
இல்லை. எஞ்சின் தண்ணீர் சூடாகும்வரை பல பெட்டிகள் ஓவர்டிரைவுக்கு அனுமதிப்பதில்லை. ஓவர்டிரைவ் நிறுத்தப்பட்டிருப்பதைக் காட்டும் விளக்கு தானாக மின்னி மின்னி எரிந்தால்தான் கோளாறு, உடனே காட்டுங்கள். கியர் எண்ணெயையும் முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை இருந்தால் இந்தச் சுமையை இழுக்க வேண்டாம். அறுவடைக்குப் போய்வந்த வண்டி என்றால் ரேடியேற்றரின் முன்பக்கத்தைக் கழுவுங்கள். பதர் அடைத்திருந்தால் கியர் எண்ணெயும் ஆறாது, ஏனென்றால் பல வண்டிகளில் அதுவும் ரேடியேற்றருக்குள்தான் குளிர்கிறது.

ஒட்டுசுட்டான்_வயல்:
நாளை நிறைந்த தாங்கியோடு பொத்தானை அமர்த்தி மூன்றில் போய்ப் பார்க்கிறேன். வெறும் தாங்கியோடு திரும்பும்போது கனகராயன் அண்ணை சொன்னதுபோல் ஓவர்டிரைவில் விடுகிறேன். திரும்பும் வழியில் காற்றும் பின்னாலிருந்து வரும்.

கனகராயன்_ஆறு:
இரண்டு வழிக்கும் டீசல் கணக்கை எழுதி வைத்து இங்கே போடுங்கள். அதைப் பார்க்காமல் நான் என் பொத்தானை அமர்த்தமாட்டேன்.