வெல்டிங் வேலைக்கு சேஃப்டி ஷூ: பேட்டா, கரம், ஆலன் கூப்பர், வாரியர் நாலுல எதை எடுக்கலாம்?

திருவெறும்பூர் வெல்டர்

எல்லாருக்கும் வணக்கம். துவாக்குடி சிட்கோவுல ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல பதினொரு வருஷமா வெல்டரா இருக்கேன். பாய்லருக்குப் போற ஸ்ட்ரக்சர் வேலைதான் அதிகம். ஒரு நாள்ல பாதி நேரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துதான் வெல்டிங் அடிக்கணும். பக்கத்து பேயில (ஷெட்டோட அடுத்த பகுதி) கேஸ் கட்டிங் நடக்கும், வெட்டி விழுந்த துண்டு தரையில கிடக்கும். கறுப்பா ஆறிப்போன மாதிரி தெரியும், ஆனா உள்ள நெருப்பா இருக்கும்.

போன மாசம் அப்படி ஒரு துண்டு மேல இடது காலை வச்சுட்டேன். 12 எம்எம் பிளேட்டு. எடுக்கறதுக்குள்ள சோல் இளகி, துண்டு அதுல ஒட்டிக்கிச்சு. காலை உதறி உதறிப் பார்த்தும் விழலை. ஷூவைக் கழட்டறதுக்குள்ள பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் வந்திருச்சு. அந்த ஷூ யூனிட்ல கொடுத்து நாலு மாசம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடியே முன்பக்கம் சோல் வாயைப் பிளந்துகிட்டு இருந்துச்சு, பசை போட்டு ஓட்டிகிட்டு இருந்தேன். வீட்ல கால் கழுவறப்ப என் பொண்ணு கொப்புளத்தைப் பார்த்துட்டு, ராத்திரி முழுக்க அதையே கேட்டுகிட்டு இருந்தா.

இந்த வருஷத்துலருந்து ஷூவுக்குப் பதிலா 1,500 ரூபா கையில கொடுத்துடறாங்க. மேல ஒரு ஆயிரம் நானே போடறேன். பெரிய கடைவீதிப் பக்கம் ரெண்டு கடையில கேட்டேன். பேட்டா இண்டஸ்ட்ரியல்ஸ், கரம், ஆலன் கூப்பர், லிபர்ட்டி வாரியர் நாலையும் எடுத்து வச்சாங்க. எல்லாத்துலயும் ஸ்டீல் டோ (விரலுக்கு மேல வர்ற இரும்பு மூடி) இருக்கு, எல்லாத்துலயும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கு. விலை 1,200லருந்து 2,400 வரைக்கும் போகுது. எதுக்கு இவ்வளவு வித்தியாசம்னு கடைக்காரருக்குச் சொல்லத் தெரியலை. "எல்லாம் ஒண்ணுதான் சார், உங்க காலுக்கு எது சேருதோ எடுங்க"ன்னுட்டார். எனக்கு அப்படி எடுக்க மனசு வரலை. வெல்டிங், கட்டிங்ல இருக்கறவங்க என்ன போடறீங்க, எத்தனை மாசம் தாங்குதுன்னு சொல்லுங்க.

---

ராணிப்பேட்டை லாஸ்ட்

அண்ணா, நான் ஷூ ஃபேக்டரியில இருக்கேன். பதினாறு வருஷம், அதுல ஆறு வருஷம் சேஃப்டி ஷூ லைன்ல. நீங்க சொன்ன நாலு கம்பெனிக்கும் நான் வேலை செஞ்சதில்லை, அதனால யாருக்கும் பரிஞ்சு பேசலை.

பிராண்டை ஒரு நிமிஷம் ஓரமா வையுங்க. ஒரே பிராண்டுல பத்துப் பதினஞ்சு மாடல் இருக்கும். சிங்கிள் டென்சிட்டி பியூ (பாலியூரித்தேன்னு ஒரு பிளாஸ்டிக் நுரை, ஒரே அடுக்கு), டபுள் டென்சிட்டி பியூ (ரெண்டு அடுக்கு), பியூ மேல ரப்பர், முழு நைட்ரைல் ரப்பர்னு சோலே நாலு வகை வரும். உங்க காலைச் சுட்டது பிராண்டு இல்லண்ணா, பியூ சோல். பியூ இலேசா இருக்கும், நடக்க மெத்துன்னு இருக்கும், குடோன்லயும் அசெம்பிளி லைன்லயும் நிக்கறவங்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனா சூட்டுக்கு அது தாங்காது, இளகிடும். நைட்ரைல் ரப்பர் சோல்ல "எச்ஆர்ஓ"ன்னு மூணு எழுத்து இருக்கான்னு பாருங்க. 300 டிகிரி சூட்டுல ஒரு நிமிஷம் வச்சும் சோல் உருகாம, வெடிக்காம நிக்குதான்னு சோதிச்சுத்தான் அந்த எழுத்தைப் போடுவாங்க. உங்க வேலைக்கு அது இல்லாத ஷூவைக் கையிலயே எடுக்காதீங்க.

அடுத்தது தோல். கடையில "பஃப் பார்டன்"னு சொல்லுவாங்க, மேல சொரசொரன்னு அச்சுப் போட்ட தோல். அது உண்மையான கிரெய்ன் தோலா (தோலோட மேல் அடுக்கு), இல்ல அடித்தோலைப் பிளந்து மேல பூச்சு போட்ட ஸ்ப்ளிட்டான்னு வெளியில இருந்து பார்த்தா தெரியாது. நாக்குப் பக்கமோ கழுத்துப் பக்கமோ வெட்டுன ஓரம் தெரியற இடத்துல நகத்தால இலேசா கீறிப் பாருங்க. மேல ஒரு பிளாஸ்டிக் ஏடு மாதிரி தனியாத் தெரிஞ்சா அது பூச்சு. வெல்டிங் பொறி விழுந்தா அந்த ஏடுதான் முதல்ல சுருங்கி உரியும்.

இன்னொண்ணு, இதை யாரும் கடையில கேக்கறதே இல்ல. தயாரிச்ச வருஷத்தையும் மாசத்தையோ காலாண்டையோ ஷூவுல போட்டிருப்பாங்க. பாருங்க. பியூ சோல் ஷூ, காலுல போடாம அலமாரியில கிடந்தாலே காத்துல இருக்கற ஈரம் குடிச்சுக் குடிச்சு உள்ளுக்குள்ள செத்துடும். வெளியில புதுசா மினுங்கும், போட்டு ரெண்டு வாரத்துல பிஸ்கட்டு மாதிரி உதிரும். தள்ளுபடியில தர்ற பழைய ஸ்டாக்குல இது நிறைய. பியூ மேல ரப்பர் போட்ட சோலுக்கும் இது பொருந்தும், ஏன்னா நடுவுல இருக்கறது பியூதான்.

---

மணலி சேஃப்டி

நண்பருக்கு வணக்கம். மணலியில் ஒரு ஆலையில் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ராணிப்பேட்டை தம்பி சொன்னது முழுக்கச் சரி. ஐஎஸ்ஐ முத்திரை பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்; அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

முத்திரைக்கு மேலே இருக்கும் எண்ணைப் படியுங்கள். ஐஎஸ் 15298 என்பது இந்தக் காலணிகளுக்கான இந்தியத் தரநிலை. அதில் பகுதி 2 என்றால் விரல் மூடி 200 ஜூல் அடியைத் தாங்கும்; ஏறத்தாழ 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பகுதி 3 என்றால் 100 ஜூல்தான். பகுதி 4 என்றால் விரல் மூடியே தேவையில்லை. மூன்றிலும் ஒரே மாதிரி முத்திரைதான் இருக்கும். பிளேட் கையாளும் உங்களுக்குப் பகுதி 2 மட்டுமே பொருந்தும். முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை தரும் அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைத் தட்டினால் உரிமம் யாருடையது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். கடையிலேயே நின்று பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

ஷூவில் எஸ்1, எஸ்3 என்று வகைக் குறியீடும் இருக்கும். எஸ்1 என்றால் மூடிய குதிகால், குதிகாலில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு, ஆன்டிஸ்டாட்டிக். பக்கத்தில் பி சேர்ந்தால் ஆணி ஏறாத தகடு. எஸ்3 என்றால் அந்தத் தகட்டோடு மேல்தோல் நீரையும் தடுக்கும். மழையில் வெளியே வேலை இருந்தால் எஸ்3. கூரைக்குக் கீழே என்றால் எஸ்1பி போதும். ஆன்டிஸ்டாட்டிக் என்பதை ஷாக் அடிக்காது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை அது மெல்ல இறக்கிவிடும், அவ்வளவுதான். ஈரத் தரையில் நின்று வெல்டிங் அடிக்கும்போது காலுக்குக் கீழே காய்ந்த பலகையோ ரப்பர் பாயோ கட்டாயம் வேண்டும்.

விரல் மூடியில் ஒருமுறை பலமாக அடி விழுந்துவிட்டால் அந்த ஷூவைக் கழித்துவிடுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இரும்பு மடங்கியிருக்கும், அடுத்த அடியைத் தாங்காது. அப்படி ஒரு ஷூவைத் தொடர்ந்து போட்ட ஒருவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போன நாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

---

ஜூரோங் ஃபிட்டர்

அண்ணே, நான் புதுக்கோட்டைப் பக்கம், சிங்கப்பூர்ல ஷிப்யார்டுல ஏழு வருஷம். இங்க எஸ்எஸ் 513ன்னு தனி ஸ்டாண்டர்டு, கிங்ஸ் ஷூ நிறையப் பேர் போடறாங்க. அது உங்களுக்கு ஆகாது, விட்டுருங்க. நான் சொல்ல வந்தது லேஸ் விஷயம். நைலான் லேஸ்ல ஒரு பொறி விழுந்தா போதும், பட்டுனு அறுந்துடும். முடிச்சுல உருகி ஒட்டிகிச்சுன்னா அவசரத்துக்குக் கழட்டவே முடியாது. லேஸ மூடற மாதிரி தோல் மடிப்பு வச்சதையோ, லேஸே இல்லாத கணுக்கால் உயர ஷூவையோ தேடுங்க. கிடைக்கலைன்னா தோல்ல ஸ்பேட்டர் கவர் (பொறி படாம ஷூவை மூடற உறை) வரும், மேல கட்டிக்கலாம்.

பேன்டை ஷூவுக்குள்ள சொருகாதீங்க. ஸ்டைலா இருக்கேன்னு இங்க பசங்க செய்வாங்க, பொறி நேரா உள்ள இறங்கிடும். பேன்ட் ஷூவுக்கு வெளியதான் தொங்கணும், ஓரத்தை மடிச்சும் விடக் கூடாது. சாக்ஸ் காட்டன்தான். நைலான் சாக்ஸ் உருகித் தோலோட ஒட்டிக்கும்.

---

திருவெறும்பூர் வெல்டர்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு நினைக்கலை. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். குத்துக்கால் போட்டு உட்கார்ந்தா ஸ்டீல் மூடியோட பின் ஓரம் விரல் மேல அமுக்கும். ஒரு மணி நேரத்துல விரல் மரத்துப் போயிடுது. அதுக்காகவே நிறையப் பேர் எங்க யூனிட்ல செருப்போட அடிக்கறாங்க. கம்போசிட் டோ (இரும்பு இல்லாம ஃபைபர், பிளாஸ்டிக்ல செஞ்ச மூடி) எடுத்தா இது தீருமா?

---

ராணிப்பேட்டை லாஸ்ட்

தீராதுண்ணா. கம்போசிட்டும் அதே 200 ஜூல் தாங்கும், எடை குறைவு, சூடு கடத்தாது. ஆனா அதே பலத்துக்குச் சுவர் தடியா வேணும், அதனால மூடி கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். உங்க பிரச்னை மூடி எதுல செஞ்சதுங்கறது இல்ல, அளவு. சின்ன வயசுல வெறுங்காலோட நடந்த நம்ம ஆளுங்களுக்கு முன்பாதம் அகலம். வாரியர்ல எட்டு போட்டா கரம்ல ஒன்பது கேக்கலாம், ஒவ்வொரு கம்பெனி லாஸ்டும் (ஷூ செய்யற கால் அச்சு) வேற. எந்த நம்பர்னு சொல்லி வாங்காதீங்க. சாயங்காலம், வேலை முடிஞ்சு கால் வீங்கியிருக்கறப்ப, வேலைக்குப் போடற சாக்ஸோட போங்க. கடையிலயே குத்துக்கால் போட்டு அஞ்சு நிமிஷம் உட்காருங்க. தோல் மடியற இடமும் மூடியோட ஓரமும் ஒரே கோட்டுல வந்தா அந்த ஷூ உங்களுக்கு இல்ல. தோல் பழகிக் கொடுக்கும், இரும்பு பழகாது.

---

திருவெறும்பூர் வெல்டர்

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். ஓவர்டைம் இருந்துச்சு.

சனிக்கிழமை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிஞ்ச கையோட போனேன். முதல்ல எச்ஆர்ஓ எழுத்து இருக்கறதை மட்டும் எடுக்கச் சொன்னேன். ஒரு மேஜை நிறைய இருந்த ஷூவுல மூணு ஜோடிதான் மிஞ்சுச்சு. ஒண்ணுல தயாரிச்ச தேதி மூணு வருஷத்துக்கு முன்னாடி இருந்துச்சு, அதைத் திருப்பிக் கொடுத்துட்டேன். கடைக்காரர் முதல்ல முகத்தைச் சுளிச்சார், அப்புறம் அவரே டார்ச் அடிச்சு மத்த ஜோடிகள்ல தேதி தேட ஆரம்பிச்சார். சிஎம்/எல் நம்பரையும் போன்ல பார்த்தேன், சரியா வந்துச்சு.

மிச்சம் பேட்டா ஒண்ணு, ஆலன் கூப்பர் ஒண்ணு. ரெண்டும் ரப்பர் சோல், ரெண்டும் பகுதி 2. ரெண்டையும் போட்டுக் கடை நடுவுல உட்கார்ந்தேன். பேட்டா ஜோடியில என் காலுக்கு ஓரம் சுண்டுவிரல் பக்கம் தட்டுச்சு, என் முன்பாதம் அகலம்தான். ஆலன் கூப்பர்ல ஒன்பது போட்டு உட்கார்ந்தேன், தட்டலை. 2,150 ரூபா. தோல் ஸ்பேட்டர் கவர் ஒண்ணும் சேர்த்து வாங்கினேன்.

பழைய ஷூவைவிடக் கனம்தான். முதல் நாலு நாள் கெண்டைக்கால் வலிச்சுது, இப்ப பழகிருச்சு. போன செவ்வாய்க்கிழமை சூடான ஸ்லாக் (வெல்டிங் கசடு) மேல தெரியாம மிதிச்சேன். சோல்ல ஒரு கறுப்புத் தடம் விழுந்துச்சு, காலுக்கு ஒண்ணும் தெரியலை. வீட்டுக்கு வந்து என் பொண்ணுகிட்ட அந்தத் தடத்தைக் காட்டினேன். தடவிப் பார்த்துட்டு, "அப்பா, உள்ள வரலைல்ல?"ன்னு கேட்டா. வரலைன்னேன்.

எங்க யூனிட்ல செருப்போட அடிக்கற ரெண்டு பேர் இந்த வாரம் என்கூடக் கடைக்கு வர்றாங்க. அதுல ஒருத்தருக்குக் கால் ஆறாம் நம்பர், ரப்பர் சோல்ல அந்த அளவு அந்தக் கடையில இல்லை. திருச்சியில எங்க கிடைக்கும்னு யாருக்காவது தெரிஞ்சா எழுதுங்க.