இரண்டு இன்வெர்ட்டர் சேர்ந்தும் 11 கிலோவாட் தாங்கவில்லை, சின்னது முதலில் ட்ரிப் ஆகிறது

பொம்மனஹள்ளி தையல்
வணக்கம். பெங்களூரு பொம்மனஹள்ளியில் சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். கீழ்த்தளத்தில் 10 கிலோவாட் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தது. ஆர்டர் கூடியதால் மொட்டைமாடி ஷெட்டில் 5 கிலோவாட் ஒன்று புதிதாக வைத்தேன். கம்பெனி வேறு, மாடல் வேறு. இரண்டிலும் ட்ரூப் வசதி இருக்கிறது, நடுவில் டேட்டா கேபிள் இல்லாமலே சேர்ந்து ஓடும் என்று மாட்டியவர் சொன்னார்.

சேர்ந்துதான் ஓடுகிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கரண்ட் போன நேரத்தில் எல்லா மெஷினும் ஓடினால் லோடு 11 கிலோவாட் வரும். 15 வரை தாங்க வேண்டாமா? ஓரிரு நிமிடத்தில் மாடியில் உள்ளது ஓவர்லோடு என்று அலறி நின்றுவிடுகிறது. அடுத்த சில நொடிகளில் கீழே உள்ளதும் படுத்துவிடும். பாதிக் காலரில் ஊசி நிற்கிறது. மாட்டியவரைக் கேட்டால் "லோடைக் குறைங்க சார்" என்கிறார். குறைப்பதற்கா இன்னொன்று வாங்கினேன்?

இன்னொன்று: ராத்திரி எல்லாவற்றையும் அணைத்த பிறகும் கிளாம்ப் மீட்டரில் இரண்டு இன்வெர்ட்டர் லைனிலும் 3 ஆம்பியர் காட்டுகிறது. எங்காவது லீக்கா?

யஷ்வந்த்பூர் வயர்மேன்
பேட்டரி வீக்கா இருக்கும். மாற்றிப் பாருங்க.

பொம்மனஹள்ளி தையல்
மாடியில் இருப்பது புது பேட்டரி அண்ணா. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பழைய ஜெனரேட்டர்காரன்
தம்பி, பேட்டரியை விடுங்க. ட்ரிப் ஆவதற்கு முன்னால் இரண்டு டிஸ்ப்ளேயிலும் எத்தனை கிலோவாட், எத்தனை ஹெர்ட்ஸ் என்று பார்த்துச் சொல்லுங்க. மெனுவில் ட்ரூப் எவ்வளவு என்றும் வேண்டும்.

பொம்மனஹள்ளி தையல்
இன்று மத்தியானம் கரண்ட் போனபோது பார்த்தேன் சார். இரண்டிலும் 5.5 கிலோவாட், 49.45 ஹெர்ட்ஸ். ட்ரூப் இரண்டிலும் கிலோவாட்டுக்கு 0.1 ஹெர்ட்ஸ். ஒரே மாதிரி வைத்தால்தான் சமமாகப் பிரியும் என்று அவரே போட்டது.

பழைய ஜெனரேட்டர்காரன்
சமமாகத்தானே பிரித்திருக்கிறது! அதுதான் வினை. பத்து மூட்டை தூக்குகிறவனுக்கும் ஐந்து மூட்டை தூக்குகிறவனுக்கும் ஆளுக்கு ஐந்தரை ஏற்றிவிட்டார்.

இந்த ட்ரூப், டீசல் செட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் இருந்து வந்த பழைய வித்தை. லோடு ஏற ஏற இன்வெர்ட்டர் தன் ஃப்ரீக்வென்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொள்ளும். ஒரே வயரில் சேர்ந்துவிட்டால் இரண்டுக்கும் ஃப்ரீக்வென்சி ஒன்றாகத்தான் நிற்க முடியும், அதனால் கேபிள் இல்லாமலே ஒன்றின் சுமை மற்றதற்குத் தெரிகிறது. உங்கள் கணக்கு: 50-இலிருந்து 0.55 இறங்கி 49.45. கிலோவாட்டுக்கு 0.1 என்றால் ஆளுக்கு 5.5. சின்னதன் அளவோ 5. அது விழுந்ததும் 11 முழுவதும் பெரியதன் தலையில். அதன் அளவு 10. அதுவும் போயிற்று.

பெரியதில் மட்டும் 0.05 என்று மாற்றுங்க, சின்னதில் 0.1 அப்படியே இருக்கட்டும். அப்போது இரண்டுமே தன் முழு லோடில் 49.5-க்கு வரும். 11 கிலோவாட்டுக்கு பெரியது சுமார் 7.3, சின்னது 3.7 எடுக்கும். லோடை எல்லாம் அணைத்துவிட்டு மாற்றுங்க. தெரு லைனுக்குக் கரண்ட் திரும்பிப் போகாதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் சரியாக இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்க.

மல்லேஸ்வரம் ஆராய்ச்சி மாணவி
சார் சொன்னது சரி. இன்வெர்ட்டருக்கு இதைப் பொருத்திக் காட்டிய சந்தோர்கர், திவான், அடாபா மூவரின் கட்டுரை 1993-இல் வந்தது. இன்றும் எங்கள் லேபில் எல்லோரும் அங்கேதான் தொடங்குவார்கள்.

ராத்திரி 3 ஆம்பியர் வேறு கதை. அண்ணா, மூன்று இடத்தில் கிளாம்ப் வையுங்கள்: பெரியதன் லைன், சின்னதன் லைன், இரண்டும் சேர்ந்து லோடுக்குப் போகும் லைன். டிஸ்ப்ளேயில் வாட் எவ்வளவு என்றும் பாருங்கள்.

பொம்மனஹள்ளி தையல்
முதல் இரண்டில் 3, லோடு லைனில் கிட்டத்தட்ட பூஜ்யம். வாட்டும் பூஜ்யத்தை ஒட்டித்தான். இது என்னம்மா மாயம்?

மல்லேஸ்வரம் ஆராய்ச்சி மாணவி
லீக் இல்லை. ஒன்றிலிருந்து கிளம்பி மற்றதற்குள் போய்த் திரும்பும் சுற்றோட்டம். வேலை எதுவும் செய்யாத ரியாக்டிவ் கரண்ட். ஃப்ரீக்வென்சி எங்கே அளந்தாலும் ஒன்று. வோல்டேஜ் அப்படி இல்லை. ஒன்று 230, மற்றது 234 என்று செட் ஆகியிருந்தாலே போதும், இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும். டிஸ்ப்ளேயை நம்பாமல், ஒரே மல்டிமீட்டரால் இரண்டையும் தனித்தனியாக ஓடவிட்டு அளந்து சமப்படுத்துங்கள். ரியாக்டிவ் ஏற ஏற வோல்டேஜை இறக்கிக்கொள்ளும் வோல்டேஜ் ட்ரூப் ஆஃபில் இருந்தால் ஆன் செய்யுங்கள்.

மாடியிலிருந்து வரும் கேபிள் நீளம், கீழே உள்ளது குட்டை. அதனால் லோடு ஏறும்போது கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சும். மெனுவில் 'விர்ச்சுவல் இம்பீடன்ஸ்' இருக்கிறதா? வெளியே ஒரு காயில் இருப்பது போல மென்பொருளே நடிக்கும், கேபிள் வித்தியாசம் அதில் அமுங்கிவிடும். ரொம்ப ஏற்றினால் வோல்டேஜ் தொய்ந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பொம்மனஹள்ளி தையல்
இரண்டையும் செய்தாயிற்று. மாடியில் உள்ளது நிஜமாகவே 4 வோல்ட் கூட இருந்தது. இப்போது ராத்திரி 3 ஆம்பியர் அரை ஆம்பியருக்கு வந்துவிட்டது. விர்ச்சுவல் சமாச்சாரம் கீழே உள்ளதில் மட்டும்தான் இருக்கிறது, தொடவில்லை. இன்று முக்கால் மணி நேரம் கரண்ட் இல்லை, இரண்டும் 7.3-உம் 3.7-உமாக ஓடின. ஒன்றும் அலறவில்லை. மெஷின் வேகம் குறைந்ததாக யாரும் சொல்லவும் இல்லை.

சார், ஒரு 1 கிலோவாட் அயர்ன் பாக்ஸையும் இதில் சேர்க்கலாமா? மாஸ்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பழைய ஜெனரேட்டர்காரன்
12-ஐ 8-உம் 4-உமாகப் பிரிக்கும், தாங்கும். மிச்ச 3 மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுப்பதற்கு. இரண்டாவது பாக்ஸ் கேட்டால் மாஸ்டரை என்னிடம் பேசச் சொல்லுங்க.