ரோட்டோர வேம்பு, கரண்டு கம்பி, காம்பவுண்டுச் சுவர்

கல்லிடைக்காரன்:
ஊராட்சி ரோடு. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் பெரிய வேம்பு. எல்.டி. லைன் (தாழ்வழுத்தக் கரண்டு கம்பி) கிளைக்குள்ளேயே போகுது. ஆனிக் காத்துக்கு உரசி நெருப்புப் பறக்குது. வேர் சுவரையும் தூக்குது. ஆளை விட்டு மொட்டையடிச்சிரலாமா?

பொருநைக்கரை:
மொட்டை வேண்டாம் அண்ணாச்சி. வெட்டின இடத்துல கொத்தாப் போத்து (புதுக் கிளை) கிளம்பிச் சீக்கிரமே கம்பியைத் தொடும். அதுக்குத் தண்டோட பிடிப்பும் கிடையாது. காத்துக்குப் பிஞ்சு கம்பி மேலயே விழும். லைன் பக்கம் போற கிளையை மட்டும் அது பிரியுற இடத்துல எடுங்க. பிரிவுக்கு ஒரு அடி தள்ளி, அடியிலிருந்து கால்வாசி கனம் அறுக்கணும். இன்னும் ரெண்டு அங்குலம் தள்ளி மேலிருந்து அறுத்தா பட்டை உரியாம விழும். மிச்சத்தை, கிளையடியில வீங்கின வளையம் இருக்கும் பாருங்க, அதுக்கு வெளியே ஒட்டி அறுக்கணும். வளையத்தைச் சீவிட்டா காயம் மூடாது, அழுகல் உள்ளே இறங்கும். தார், சாணி எதுவும் பூச வேண்டாம். ஒரு வருஷத்துல கால்பங்கு தழைக்கு மேல கை வைக்காதீங்க. இலை உதிர்ற மாசிதான் தோது.

மின்கம்பம்:
நெருப்புப் பறக்குதுன்னா மாசி வரை காக்கக் கூடாது. கம்பத்து நம்பரோட செக்‌ஷன் ஆபீஸ் ஏ.இ.கிட்ட (உதவிப் பொறியாளர்) எழுதிக் கொடுங்க. மின்வாரியப் புகார் மையம் மின்னகம் 94987 94987லயும் பதியுங்க. வெளி ஆளை மரத்துல ஏத்தவே ஏத்தாதீங்க. பச்சைக் கிளை கரண்டைக் கடத்தும், அலுமினியத் தொரட்டி இன்னும் மோசம். லைன் கிளியர் (கரண்டை நிறுத்தி வேலை செய்ய மின்வாரிய அனுமதி) வாங்கி, சுவிட்சைத் திறந்து, கம்பியை எர்த் பண்ணின (தரையோட இணைச்ச) பிறகுதான் ஏறணும். எர்த் எதுக்குன்னா, எவர் வீட்டு ஜெனரேட்டராவது லைனுக்குள்ள கரண்டைத் திருப்பித் தள்ளும்.

புலப்படம்:
மரம் யாருதுன்னு சுவரை வச்சுச் சொல்ல முடியாது. எஃப்.எம்.பி. (நிலத்தோட புல அளவு வரைபடம்) எடுத்து, சர்வேயரை அளக்கச் சொல்லுங்க. ரோட்டுப் புறம்போக்குன்னா ஊராட்சிக்கு மனு. மரத்தையே எடுக்கணும்னா கலெக்டர் தலைமையில இருக்கிற மாவட்டப் பசுமைக் குழு வரைக்கும் போகும். பட்டாவுக்குள்ள வந்தா 2003 மின்சாரச் சட்டம் 68ஆம் பிரிவைப் பாருங்க: லைனுக்கு இடைஞ்சலான மரத்தை நிர்வாக மாஜிஸ்திரேட் எடுக்கச் சொல்லலாம், ஆனா லைன் வருமுன்னே நின்ன மரம்னா இழப்பீடு உண்டு.

பொருநைக்கரை:
வேரை விட்டுட்டேனே. அதை வெட்டாதீங்க, மேகாத்துல மரமே சாஞ்சிரும். வேர் வர்ற இடத்துல சுவரை உடைச்சு, ரெண்டு பக்கமும் தூண் எழுப்பி, மேலே லிண்டல் (கான்கிரீட் விட்டம்) போட்டு வேரைத் தாண்டிருங்க. வேர் பருக்க அடியில அரை அடி இடைவெளி விடணும்.