உரைத்தொகுப்பியா, உரைதிருத்தியா?

அனைவருக்கும் வணக்கம்.

நிரலாக்கமும் வலைத்தள உருவாக்கமும் கற்போருக்கான கையேட்டில் டெக்ஸ்ட் எடிட்டரைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு பகுதி வருகிறது. எடிட்டருக்கு இப்போது உரைத்தொகுப்பி, உரைத்தொகுப்பான், உரைப்பதிப்பி, உரைதிருத்தி என்று பல சொற்கள் உலவுகின்றன. தொகுப்பிதான் அதிகம் கண்ணில் படுகிறது. கடிதமோ குறிப்போ தட்டச்சு செய்பவருக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. நிரலாளருக்கு இருக்கிறது. நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரையும் தொகுப்பி, தொகுப்பான் என்று பலர் எழுதுகிறார்கள். பேக்கேஜ் என்பதற்கும் தொகுப்பு என்றே வைத்திருக்கிறோம்.

நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் கமிட் செய்யும்போது (மாற்றத்தை ஒரு செய்தியோடு பதியும்போது), எடிட்டர் கோப்பை மூடுவதற்காகக் காத்திருப்பதாக ஒரு குறிப்பு வரும். அதை இப்போதைய சொல்லால் எழுதினால் இப்படி இருக்கும்:

"உங்கள் தொகுப்பி கோப்பை மூடுவதற்காகக் கிட் காத்திருக்கிறது."

படிப்பவர் கம்பைலர் எங்கோ சிக்கிக்கொண்டது என்று நினைப்பார். இந்த இடத்தில் உண்மையான சிக்கல் ஒன்றும் உண்டு. விஎஸ் கோடைக் கிட்டுக்கு எடிட்டராக அமைக்கும்போது கட்டளையோடு 'வெயிட்' என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சாளரம் திறந்த கையோடு கட்டளை முடிந்துவிடும். கிட் கோப்பைப் பார்க்கும், செய்தி காலியாக இருக்கும், கமிட்டைக் கைவிட்டுவிடும். இதை விளக்கும் வரியில் எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதே பொருள். அங்கே குழம்பும் சொல் உதவாது.

தொகு என்பதன் பொருளும் இடிக்கிறது. பலவற்றை ஒன்றுசேர்ப்பது தொகுப்பது. எட்டுத்தொகை அப்படித்தான் பெயர் பெற்றது. ஒரே கோப்பில் ஓர் அரைப்புள்ளியை மாற்றுவதில் தொகுப்பதற்கு என்ன இருக்கிறது?

என் முன்மொழிவு உரைதிருத்தி. தனியே வரும்போது திருத்தி, பட்டியில் 'திருத்து'. மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

—

மறுமொழி

> என் முன்மொழிவு உரைதிருத்தி.

வணக்கம் ஐயா. தொகுப்பியை விடலாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. திருத்தியை ஏற்பதற்கு மூன்று தடைகள் தெரிகின்றன.

ஒன்று, திருத்துவது என்றால் ஏற்கெனவே பிழை இருக்க வேண்டும். புதுக்கோப்பைத் திறந்து முதல் வரியை எழுதுகிறவர் எதைத் திருத்துகிறார்? சொற்பிழை பார்க்கும் கருவியைப் பிழைதிருத்தி என்று வேறு சொல்கிறோம்.

இரண்டு, கோட் எடிட்டரை நிரல்திருத்தி என்று சொல்ல வேண்டிவரும். 'நிரலைத் திருத்தினேன்' என்றால் வழுவை நீக்கிவிட்டேன் என்றுதான் எல்லாரும் புரிந்துகொள்வார்கள். வழுநீக்கி எனப்படும் டீபக்கருக்கும் இதற்கும் எல்லை கலங்கும்.

மூன்று, விக்கிப்பீடியாவில் 'தொகு' என்று அழுத்திப் பழகிய கைகள் ஏராளம். அந்தப் பழக்கத்தை எப்படி மாற்றுவது?

எடிட்டர் என்றே தமிழெழுத்தில் எழுதிவிட்டால் என்ன? பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம்.

உரை என்றால் பரிமேலழகர் உரை நினைவுக்கு வரும் என்று ஒருவர் முன்பு சொன்னார். அதை நான் தடையாகக் கருதவில்லை. உரைக்கோப்பு நிலைத்துவிட்ட சொல்.

—

மறுமொழி

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். எடிட்டர் என்று ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கும் வேலைகளைத் தமிழ் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. நாளிதழில் ஆசிரியர். பழஞ்சுவடியை அச்சேற்றினால் பதிப்பாசிரியர், உ.வே.சாமிநாதையர் செய்த பணி அது. திரைப்படத்தில் படத்தொகுப்பாளர். துண்டு துண்டான காட்சிகளை அவர் உண்மையாகவே தொகுக்கிறார், அங்கே அந்தச் சொல் கச்சிதம். மென்பொருள் செய்யும் வேலை இவை எதுவும் இல்லை. அதற்கும் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால் எடிட்டர் என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டிய தேவை இராது. விக்கிப்பீடியாவின் 'தொகு' அங்கே அப்படியே இருக்கட்டும். பலர் எழுதியதைச் சேர்த்து ஒழுங்குசெய்யும் இடம் அது, பொருந்தவும் செய்கிறது.

> திருத்துவது என்றால் ஏற்கெனவே பிழை இருக்க வேண்டும்.

வேண்டியதில்லை. முடிதிருத்துபவரிடம் போவது முடியில் பிழை இருப்பதால் அல்ல. காடு திருத்திக் கழனி ஆக்கினார்கள் என்கிறோம். சமையலுக்குக் காய் திருத்துவதும் உண்டு. வேண்டிய வடிவுக்குக் கொண்டுவருவதுதான் திருத்துவது. பிழை களைவது அதில் ஒரு பகுதி. பிழைதிருத்தியில் பிழையைச் சுட்டும் வேலையை 'பிழை' என்ற சொல்லே செய்கிறது. ஆகவே உரைதிருத்தியோடு அது மோதாது.

நிரல்திருத்தி பற்றிய தடை சரி. அந்தச் சொல்லை உருவாக்கவே வேண்டாம் என்பேன். கோட் எடிட்டர் தனி இனம் இல்லை. மொழிக்கு ஏற்ற நிறங்களும் தானியங்கு நிறைவும் வந்ததால் வேறு கருவி என்று தோன்றியது. 2016-இல் லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால் அறிவிக்கப்பட்ட பிறகு, நிறைவு, பிழை சுட்டல், வரையறைக்குத் தாவுதல் ஆகியவற்றைத் தனியே ஓடும் ஒரு வழங்கியிடம் விட்டுவிட முடிகிறது. சி, சி++ மொழிகளுக்கான கிளாங்டி வழங்கி விஎஸ் கோட், நியோவிம், ஈமாக்ஸ் ஆகிய மூன்று எடிட்டர்களிலும் அதேதான். நியோவிம் 0.5 பதிப்பிலும் ஈமாக்ஸ் 29 பதிப்பிலும் அதற்கான வாங்கி (கிளையன்ட்) உள்ளேயே வருகிறது. மொழியறிவு வெளியே போனபின் எஞ்சி நிற்பது உரையைத் திருத்தும் கருவி. ஒரே சொல் போதும்.

வேர்ட் பிராசசர் எனப்படும் சொற்செயலியிடமிருந்து இதைப் பிரிக்கும் கோடுதான் கையேட்டில் அழுத்தமாக வர வேண்டும். நீங்கள் தட்டியதை மட்டும் கோப்பில் வைப்பது உரைதிருத்தி. சொற்செயலி நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்கும். அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் பைத்தான் 'செல்லாத எழுத்து' என்று நின்றுவிடும். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டும்போது பிரியா இடைவெளி வந்து சேரும். கண்ணுக்குச் சாதாரண இடைவெளிபோலவே தெரியும், நிரல் ஓடாது. விஎஸ் கோட் 2021 முதல் இத்தகைய எழுத்துகளைக் கட்டமிட்டுக் காட்டுகிறது. வேறு எதை எடுத்தாலும் மறைந்த எழுத்துகளைக் காட்டும் வசதி உண்டா என்று முதலில் பாருங்கள்.

தேர்வுப் பகுதிக்கு ஒரு சோதனையையும் முன்வைக்கிறேன். புதுக்கோப்பில் 'தமிழ்' என்று மட்டும் எழுதி, எண்டர் ஒருமுறை தட்டிச் சேமியுங்கள் (விம், நியோவிமில் எண்டர் வேண்டாம், வரிமுடிவை அவையே சேர்க்கும்). பிறகு கோப்பின் அளவைப் பைட்டில் பாருங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் 'டபிள்யூசி' கட்டளைக்கு 'சி' விருப்பம் கொடுத்தால் வரும். விண்டோஸில் கோப்பின் பண்புகளில் இருக்கும். தமிழ் என்பதில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். எழுத்துகளைப் பைட்டுகளாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு, மொத்தம் 15.

16 வந்தால் நமக்கு வேண்டியது அதுவே: வரிமுடிவுக்கு ஒரு பைட்டு. 17 என்றால் விண்டோஸ் பாணி வரிமுடிவு, இரண்டு பைட்டு. அப்படிச் சேமித்த ஷெல் நிரலை லினக்ஸ் வழங்கியில் ஓட்டினால், முதல் வரியில் சொன்ன மொழிபெயர்ப்பி (நிரலைப் படித்து ஓட்டும் இன்டர்பிரட்டர்) இல்லை என்ற பிழை வரும். பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து இருப்பதுதான் காரணம். 19 அல்லது 20 என்றால் கோப்பின் தலையில் பைட்டு வரிசைக் குறி ஒட்டியிருக்கிறது, 3 பைட்டு. பிஎச்பி கோப்பில் அது இருந்தால், தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன என்ற எச்சரிக்கை வரும். பக்கத்தின் எந்த வரியைத் தேடினாலும் காரணம் கிடைக்காது. வெறும் 7 என்றால் ஆபத்து: ஐந்தும் கேள்விக்குறிகளாகிவிட்டன. தமிழைத் திரும்பப் பெற வழியில்லை. பழைய நோட்பேட் தமிழுக்கு இடமில்லாத ஆன்சி முறையில் சேமித்தால் இதுதான் நடக்கும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் குறியில்லாத யுடிஎஃப்-8 முறையையே இயல்பாகக் கொண்டிருக்கிறது.

தேடலையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். கொ என்ற எழுத்தில் ககரத்தோடு ஒற்றை ஒகரக்குறி வரலாம். எகரக்குறியும் கால்குறியுமாகப் பிரிந்தும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒன்றைத் தட்டித் தேடினால் மற்றதைக் காட்டாத திருத்தியில், மொழிபெயர்ப்புக் கோப்பில் 'அனைத்தையும் மாற்று' என்பது பாதியில் நிற்கும். அது எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று நம்பி அனுப்பிவிடாதீர்கள்.

விம் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. இயங்குதளத்தின் தமிழ்99 விசைப்பலகை ஓடிக்கொண்டிருக்கும்போது விசைகளைக் கட்டளைகளாக எடுத்துக்கொள்ளும் கட்டளைநிலைக்குப் போனால் விசைகள் தமிழெழுத்தையே அனுப்பும். சேமிக்கவும் முடியாது, வெளியேறவும் முடியாது, புதியவர் பதறிப்போவார். ஒவ்வொரு முறையும் விசைப்பலகையை மாற்றியாக வேண்டும், அல்லது விம்முக்கு உள்ளேயே இருக்கும் கீமேப் வசதியைப் பயன்படுத்த வேண்டும். அது உரையைத் தட்டும் செருகுநிலையில் செயல்படும், கட்டளைகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். ஈமாக்ஸிலும் உள்ளீட்டு முறை அதற்குள்ளேயே உண்டு. கன்ட்ரோலோடு பின்சாய்கோட்டை அழுத்தினால் மாறும். தமிழில் நிறைய எழுதும் நிரலாளருக்கு ஈமாக்ஸை நான் தயங்காமல் சொல்வேன். 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பு முதல் எழுத்துகளைச் சரியான வடிவில் கோத்துக் காட்ட ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் இருக்கிறது.

—

மறுமொழி

ஐயா, முடிதிருத்தமும் காய் திருத்துவதும் என் முதல் தடையை நீக்கிவிட்டன. நிரல்திருத்தி வேண்டாம் என்பதையும் ஏற்கிறேன்.

எழுத்துக்கூட்டலை இப்போதே முடிவுசெய்துவிடலாம். உரைதிருத்தி என்றுதான் வர வேண்டும், உரைத்திருத்தி அன்று. உரையைத் திருத்துவது என விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. உருபு மட்டும் மறைந்திருக்கும்போது வல்லினம் மிகாது. சுமைதாங்கி, பிழைதிருத்தி போல. த் போட்டால் 'உரைத்து' என்ற எச்சத்தின் ஓசை வந்து படிப்பவரை வழி மாற்றிவிடும்.

அருகிலிருக்கும் சொற்களையும் இதோடு சேர்த்துப் பதிய வேண்டும். வேர்ட் பிராசசர் சொற்செயலி. அதைத் தொட வேண்டாம். டீபக்கர் வழுநீக்கி. கம்பைலருக்கு நிரல்பெயர்ப்பி என்றே கையேடு முழுவதும் எழுதுவோம், தொகுப்பி அங்கும் வேண்டாம். இல்லாவிட்டால் பழைய பழக்கத்தில் படிப்பவர் அதை எடிட்டராக எடுத்துக்கொள்வார். கிட் குறிப்பு இனி இப்படி:

"உங்கள் உரைதிருத்தி கோப்பை மூடுவதற்காகக் கிட் காத்திருக்கிறது."

இப்போது குழப்பம் இல்லை.

பைட்டுச் சோதனையோடு ஒரு வரி சேர்க்க வேண்டும். 17-ஓ 19-ஓ வந்தால் ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியே அமைப்பை மாற்றாமல், திட்டத்தின் மேலடைவில் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு (உரைதிருத்திகள் படித்துப் பின்பற்றும் அமைப்புக் கோப்பு) ஒன்று வைக்கலாம். குறிமுறை யுடிஎஃப்-8, வரிமுடிவு எல்எஃப் (ஒரு பைட்டு வரிமுடிவு), கடைசியில் வரிமுடிவு கட்டாயம் என மூன்று அமைப்புகள். விஎஸ் கோடில் அதைப் படிக்க நீட்சி ஒன்று நிறுவ வேண்டும், நியோவிம் 0.9 முதல் நீட்சியே வேண்டாம். நிரலைக் கட்டும் 'மேக்' கட்டளை படிக்கும் மேக்ஃபைலுக்கு மட்டும் உள்தள்ளல் டேப் என்று தனியே குறிக்க வேண்டும். இடைவெளியாக மாறிவிட்டால் 'பிரிப்பான் இல்லை' என்று அந்தக் கட்டளை நின்றுவிடும். அமைப்பு விவரங்களை எழுதும் யாமல் கோப்பில் நேர்மாறு. அங்கே உள்தள்ளலுக்கு டேப் கூடவே கூடாது.

உரைத்தொகுப்பி என்று தேடி வருகிறவர்களுக்காகச் சொல்லடைவில் அந்தச் சொல்லையும் வைத்து, 'காண்க: உரைதிருத்தி' என்று மட்டும் போட்டுவிடுகிறேன்.