புதுப்பிப்பு: வனக்குழுத் தலைவருக்குப் பாராட்டு, என்ன செய்தோம்?

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. எங்கள் கிராம வனக்குழுத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகுகிறார், பொன்னாடை, கேடயம் தவிர உருப்படியாக என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். விழா நல்லபடியாக முடிந்தது.

காட்டு முகப்பில் பெயர் பொறித்த கல் வைக்கும் யோசனை எடுபடவில்லை. காப்புக்காட்டுக்குள் நாமாக எதுவும் கட்ட முடியாது என்று வனவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கேட்காமல் கல்லுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கைகொடுத்தது ஏரிக்கரையில் பனை விதைக்கும் யோசனைதான். ஊராட்சியில் ஒப்புதல் வாங்கிக்கொண்டோம். ஆவணி, புரட்டாசியில் பழம் தானாக விழும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் விதைத்துவிட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. முதல் விதையைத் தலைவர் போட்டார். ஒன்று கவனியுங்கள்: பனையின் முளை முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கித்தான் இறங்கும். மேலே இலை தெரியப் பல மாதம் ஆகும். ஒன்றும் வரவில்லையே என்று தோண்டிப் பார்த்தால் போச்சு! எங்கள் ஊர்ப் பையன்களிடம் இதைச் சொல்லிவைப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

எதிர்பாராதது, பொன்னாடையைத் தலைவர் அக்கா வாங்க மறுத்தது. "கோடையில தீத்தடுப்புக் கோடு வெட்டினவங்களுக்குப் போடுங்க" என்றார் (காட்டுத்தீ பரவாமலிருக்கப் புல், சருகை அகற்றிப் போடும் வெற்றுப் பாதைதான் அந்தக் கோடு). கடைசி நேரத்தில் கதர்த் துண்டுகள் வாங்க ஓடினோம். அப்புறம், நன்றித் தீர்மானத்தைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னவருக்குத் தனி நன்றி. செலவில்லாத வேலை, அக்காவுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.