வாரன்டி முடியும் இரண்டு சர்வர்கள்: கிளவுடுக்கு எதை நகர்த்தலாம், எதை விடலாம்?

கேள்வி: வரைபட_அறை

வணக்கம். இயந்திர உதிரி பாகங்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் கணினி, நெட்வொர்க், பிரின்டர் எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். சுமார் 45 பேர் வேலை செய்கிறார்கள். சர்வர் அறையில் இரண்டு இயந்திரங்கள். ஒன்றில் கணக்கும் சரக்கிருப்பும் பார்க்கும் மென்பொருள், அதன் டேட்டாபேஸ். ஊழியர்கள் தங்கள் கணினியில் போட்டிருக்கும் கிளையன்ட் (சர்வரோடு பேசும் மென்பொருள்) வழியாக அதில் நுழைகிறார்கள். இன்னொன்று ஃபைல் சர்வர்: வடிவமைப்புப் பிரிவு கணினியில் வரையும் கேட் (CAD) வரைபடங்கள், பழைய ஆர்டர் ஆவணங்கள் எல்லாம் சேர்த்து 4 டெராபைட். இரண்டுக்கும் வாரன்டி முடியப்போகிறது.

புது சர்வர் வேண்டாம், எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாகப் பயன்படுத்தும் வாடகை சர்வர்களுக்கு, மாற்றிவிடுவோம் என்கிறார் முதலாளி. மாதாமாதம் பில் வருமே என்று கணக்குப் பிரிவில் தயங்குகிறார்கள். நாங்கள் விலை விசாரித்த ஒரு நிறுவனம், இரண்டு சர்வர்களையும் இருக்கிறபடியே தூக்கி ஒரு சனி ஞாயிறில் கிளவுடில் வைத்துத் தருவதாகச் சொல்கிறது. எங்கள் இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்), ஏற்றவும் இறக்கவும் அதே வேகம்.

எதை முதலில் நகர்த்துவது? எதைத் தொடாமல் விடுவது? அந்த நிறுவனத்திடம் கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?


பதில்: நடுநிசி_ரீஸ்டோர்

நிறுவனங்களின் சர்வர்களை இடம் மாற்றுவதுதான் என் பிழைப்பு. முதலில் அந்த சனி ஞாயிறு கணக்கைப் பார்த்துவிடுவோம். 4 டெராபைட் என்பது 32 லட்சம் கோடி பிட். 100 எம்பிபிஎஸ் இணைப்பை ஒரு நொடி விடாமல் முழு வேகத்தில் ஓட்டினால் 3,20,000 விநாடி, அதாவது ஏறக்குறைய 3.7 நாள். நடைமுறையில் முழு வேகம் கிடைக்காது. ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே நகலெடுத்துவிட்டு, கடைசி நாளில் மாறியதை மட்டும் அனுப்பும் முறை உண்டு. அதைத்தான் செய்யப்போகிறார்களா என்று கேளுங்கள். திணறினால், உங்கள் ஃபைல் சர்வரை அவர்கள் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, 'எல்லாவற்றையும்' என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். வேலை வேலையாகப் பிரித்துப் பாருங்கள். யார் பயன்படுத்துகிறார்கள், எப்போது, எவ்வளவு நேரம் அது இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியும்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதினாலே பாதி முடிவு வந்துவிடும்.

கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். இந்த மாதிரி கிளையன்ட் மென்பொருள்கள் ஒரு திரையைத் திறக்க டேட்டாபேஸிடம் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். ஒரு ஆர்டர் திரைக்கு 400 கேள்வி என்று வையுங்கள். சர்வர் பக்கத்து அறையில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அரை மில்லிவிநாடி போய்வர ஆகும், மொத்தம் 0.2 விநாடி. அதே டேட்டாபேஸை 30 மில்லிவிநாடி தூரத்தில் வைத்தால் 12 விநாடி. பில் போடுகிறவர் ஒவ்வொரு பில்லுக்கும் 12 விநாடி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இணைப்பின் வேகத்தை 1000 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் இது குறையாது, ஏனென்றால் தாமதம் தூரத்தால் வருவது. டேட்டாபேஸை மட்டும் மேலே அனுப்பிவிட்டு கிளையன்டை அலுவலகக் கணினியில் விட்டுவைக்கும் திட்டமென்றால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்: ஊழியர்கள் ரிமோட் டெஸ்க்டாப் (மென்பொருள் அங்கேயே ஓட, திரை மட்டும் இங்கே தெரியும் முறை) வழியாக உள்ளே போய் வேலை செய்யலாம், இல்லையென்றால் அதே வேலையை பிரௌசரில் தரும் மென்பொருளுக்கு மாறலாம்.

இதை நீங்களே இப்போதே சோதித்துவிடலாம். சர்வருக்கும் ஒரு சோதனைக் கணினிக்கும் நடுவே ஒரு லினக்ஸ் பெட்டியை ரூட்டராக வைத்து, 'டிசி நெட்எம்' (tc netem) கட்டளையால் 30 மில்லிவிநாடி தாமதம் சேர்த்து, கணக்குப் பிரிவில் ஒருவரை ஒரு மணி நேரம் அதில் வேலை செய்யச் சொல்லுங்கள். பத்துக் கூட்டம் போட்டுத் தெரியாதது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வரைபடங்கள் இன்னும் முரட்டு விஷயம். ஒரு அசெம்பிளியை, அதாவது பல பாகங்கள் சேர்ந்த வரைபடத்தை, திறந்தால் அது தனக்குக் கீழே உள்ள பாகங்களின் ஃபைல்களையும் வரிசையாக இழுக்கும். எல்லாம் சேர்த்து 1.2 ஜிகாபைட் என்றால் உங்கள் இணைப்பில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் வேறு யாருமே இணையத்தைத் தொடாதபோது. காலையில் வடிவமைப்பாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எல்லாக் கணினிகளுக்கும் தானாக நகலாகும் வெறும் சிங்க் ஃபோல்டரில் போட்டால் இன்னொரு தொல்லை: ஒருவர் திறந்திருக்கும் ஃபைலை இன்னொருவர் திருத்தி சேமித்தால் இரண்டு பிரதிகள் நிற்கும், எது சரி என்று யாருக்கும் தெரியாது. அதனால் வேலையில் இருக்கும் வரைபடங்களை அலுவலகத்துக்குள்ளேயே ஒரு நல்ல நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்பு) பெட்டியில் வையுங்கள். கிளவுடுக்குப் போக வேண்டியது அதன் பேக்கப், அப்புறம் முடிந்துபோன ஆர்டர்களின் ஆவணங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் நகர வேண்டியது பேக்கப்தான். மின்னஞ்சல் இன்னும் உங்கள் சர்வரிலேயே இருந்தால் அதையும் கூடவே அனுப்பிவிடுங்கள். இவை இரண்டிலும் தப்பு நேர்ந்தாலும் உற்பத்தி நிற்காது. கிளவுட் எப்படி நடந்துகொள்ளும், பில் எப்படி வரும் என்பதெல்லாம் அதற்குள் பிடிபட்டுவிடும்.


பதில்: பில்_பார்ப்பவள்

நான் ஒரு நிறுவனத்தில் நிதிப் பிரிவில் இருக்கிறேன். மாதம் தவறாமல் கிளவுட் பில்லை வரி வரியாகப் படிப்பது என் வேலை. உங்கள் கணக்குப் பிரிவின் தயக்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

வாங்கிய சர்வர் இரவில் சும்மா இருந்தாலும் செலவு அதேதான். கிளவுடில் ஓடும் நேரத்துக்குக் கணக்கு. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். நீங்கள் வேலை செய்வது அதில் 60 மணி என்றால் மீதி நேரம் அணைத்துவைக்க முடிகிற சர்வருக்கு மட்டும்தான் கிளவுட் மலிவு. இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் சர்வரை அப்படியே தூக்கி வைத்தால் பெரும்பாலும் கூடுதல்தான் ஆகும். ஃபைல் சேமிப்புச் சேவை தரும் டிராப்பாக்ஸ் நிறுவனமே தன் சேமிப்பில் பெரும்பகுதியை அமேசானின் கிளவுடிலிருந்து சொந்த சர்வர்களுக்குக் கொண்டுபோய் இரண்டு ஆண்டுகளில் சுமார் 7.5 கோடி டாலர் மிச்சம் பிடித்ததாக 2018 பங்கு வெளியீட்டு ஆவணத்தில் சொல்லியிருக்கிறது. அவர்களின் அளவு வேறு, உங்களுடையது வேறு. ஆனால் சீராக ஓடும் வேலைக்கு வாடகை எப்போதும் லாபம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் பொருந்தும்.

அணைத்துவைத்தாலும் டிஸ்க்குக்குக் கட்டணம் ஓடும். பழைய ஸ்னாப்ஷாட்கள் (டிஸ்க்கின் அந்தந்த நேரத்துப் பிரதிகள்) குவிந்துகொண்டே போகும். அமேசான் ஆர்டிஎஸ் என்ற பெயரில் வாடகைக்குத் தரும் டேட்டாபேஸை நிறுத்தினால் ஏழு நாளில் அதுவே மறுபடி கிளம்பிவிடும், தெரியாதவர்கள் அடுத்த பில்லில்தான் பார்ப்பார்கள். டேட்டாவை உள்ளே ஏற்றக் காசு இல்லை, வெளியே எடுக்கத்தான் உண்டு. பட்ஜெட் எச்சரிக்கை வையுங்கள், ஆனால் அது எச்சரிக்கை மட்டுமே, செலவைத் தானாக நிறுத்தாது. வருவதும் பல மணி நேரம் பிந்தித்தான். ஒரு வருடம், மூன்று வருடம் என்று ஒப்புக்கொண்டால் நல்ல தள்ளுபடி கிடைக்கும். சில மாதம் ஓட்டி, உண்மையில் எவ்வளவு தேவைப்படுகிறது என்று பார்த்த பிறகு அதில் இறங்குங்கள். எடுத்த எடுப்பில் மூன்று வருட ஒப்பந்தத்தை நீட்டுகிறவர்களிடம் கொஞ்சம் விலகியே இருங்கள்.


பதில்: இரட்டைப்பூட்டு

பேக்கப் கிளவுடில் இருந்தால் போதும் என்று நின்றுவிடாதீர்கள். அதை யாரால் அழிக்க முடியும் என்று கேளுங்கள்.

மற்றவர்களின் மென்பொருள் கோடைச் சேமித்துத் தந்த கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் 2014 ஜூனில் இப்படித்தான் முடிந்துபோனது. தாக்கியவர்களுக்கு அவர்களின் அமேசான் கன்ட்ரோல் பேனல் கிடைத்துவிட்டது. சர்வர், டிஸ்க், ஸ்னாப்ஷாட், பேக்கப் பெரும்பாலானவை சில மணி நேரத்தில் காலி. பேக்கப்பும் மூலமும் ஒரே கிளவுட் கணக்கில், ஒரே சாவிக்குள் இருந்தன. நிறுவனத்தையே மூடிவிட்டார்கள்.

வேறு விதத்திலும் வரும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று தீயில் எரிந்தது. வேறு இடத்தில் பிரதி வைக்காதவர்கள் டேட்டாவை இழந்தார்கள். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் அமைப்பு, அதை உருவாக்கியபோது கூகுள் தரப்பில் ஒரு விவரத்தை நிரப்பாமல் காலியாக விட்டதால் தானாகவே அழிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கும் மேல் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது.

ஆகவே: பேக்கப் தனிக் கணக்கில் இருக்கட்டும், அதன் கடவுச்சொல் அன்றாட வேலை பார்ப்பவரிடம் இருக்க வேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்கு யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் 'ஆப்ஜெக்ட் லாக்' வசதி பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது, அதைப் போடுங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். அந்த ரூட் கணக்கு உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும், மாற்றித்தரும் நிறுவனத்தின் பெயரில் இருக்கவே கூடாது.


வரைபட_அறை

எல்லோருக்கும் மிக்க நன்றி. அந்த நிறுவனத்திடம் 4 டெராபைட் கணக்கைக் கேட்டேன், "பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். தாமதச் சோதனையும் செய்தோம். கணக்குப் பிரிவில் அரை மணி நேரத்திலேயே போதும் என்றுவிட்டார்கள். ஆக ரிமோட் டெஸ்க்டாப்பா, பிரௌசர் மென்பொருளா என்பதுதான் மிச்சம். முதலாளிக்கு இரண்டாவதில் விருப்பம். அந்த மென்பொருளைத் தருபவர்கள், 99.9 சதவீத நேரம் சேவை நிற்காமல் ஓடும் என்று உத்தரவாதம் தருகிறார்களாம்.


பதில்: நடுநிசி_ரீஸ்டோர்

30 நாள் மாதத்தில் 99.9 சதவீதம் என்றால் 43 நிமிடம் வரை நின்றாலும் அவர்கள் வாக்கு மீறவில்லை. மீறினாலும் பொதுவாகக் கிடைப்பது அடுத்த பில்லில் கொஞ்சம் கழிவு. உங்கள் சரக்கு வண்டி பில் இல்லாமல் வாசலில் நின்ற நஷ்டத்தை யாரும் தரமாட்டார்கள். அதனால் அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, இணைப்பு போனால் அன்றைக்கு எப்படி பில் போடுவீர்கள் என்று முடிவு செய்யுங்கள். வேறொரு நிறுவனத்தின் இரண்டாவது இணைய இணைப்பு இல்லாமல் கணக்கை வெளியே அனுப்ப நான் சம்மதிக்கமாட்டேன்.

பிரௌசர் மென்பொருள் நல்ல வழிதான். சர்வரைப் பராமரிக்கும் பாரம் உங்கள் ஒருவர் தலையிலிருந்து இறங்கும், அதற்காகவே நான் அதை விரும்புவேன். ஆனால் வெளியே வரும் வழியை முதலிலேயே பாருங்கள். கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2024 தொடக்கத்தில், தங்களை விட்டு விலகுகிறவர்களிடம் டேட்டா எடுத்துச்செல்லும் கட்டணம் வாங்குவதில்லை என்று அறிவித்தன. அது அவர்களின் கிளவுடில் வைத்த டேட்டாவுக்கு. கணக்கு மென்பொருள் தருபவர்களும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சோதனைக் காலத்திலேயே ஒரு மாதக் கணக்கை உள்ளே போட்டு, மொத்தமாக ஏற்றுமதி செய்து, வரும் ஃபைலைத் திறந்து பாருங்கள். பில்லோடு இணைத்த பிடிஎஃப்கள் வருகின்றனவா? சரக்கிருப்பின் பழைய நகர்வுகள் வருகின்றனவா, இல்லை இன்றைய இருப்பு மட்டுமா? பெரும்பாலும் இங்கேதான் குறை தெரியும்.

பேக்கப் விஷயத்தில் இரட்டைப்பூட்டு சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 4 டெராபைட் மேலே போக எத்தனை நாளோ, திரும்ப வரவும் அத்தனை நாள். நாஸ் பெட்டி செத்துப்போன அன்று வடிவமைப்புப் பிரிவு அத்தனை நாள் காத்திருக்க முடியாது. எனவே அலுவலகத்திலேயே, வேறு அறையில், இன்னொரு பிரதி வேண்டும். கிளவுட் பிரதி தீ, திருட்டு, டேட்டாவைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் வந்தால் காப்பாற்ற. ஒரு ஆர்டரின் ஃபோல்டரை மாதத்துக்கு ஒருமுறை கிளவுடிலிருந்து இறக்கி, வடிவமைப்பாளர் ஒருவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 'பேக்கப் வெற்றி' என்று வரும் மின்னஞ்சலை நான் நம்புவதில்லை; அசெம்பிளி திறந்து, பாகங்கள் எல்லாம் இடத்தில் இருந்தால்தான் நம்புவேன்.

மாறும் நாளை மாதக் கடைசியில் வைக்காதீர்கள். பழைய கணக்கு சர்வரை, எழுத முடியாமல் படிக்க மட்டும் முடிகிறபடி ஆக்கி, ஒரு காலாண்டு கணக்கு முடியும்வரை ஓடவிடுங்கள். வாரன்டி இல்லாவிட்டாலும் அந்த வேலைக்கு அது போதும்.